நாலாவுக்கு இந்தப் பக்கம்

கிரீச். கொஞ்சம் மௌனம். மறுபடியும் கிரீச்.

விடியும் நேரத்தில் கடல்காற்று திரும்பும்போது, எங்கள் பஞ்சாயத்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கிற உடற்பயிற்சிக் கருவி ஆளில்லாமல் தானாக நடக்கத் தொடங்கும். கால் வைக்க இரண்டு இரும்புப் பலகைகள். ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே வரும். நீலமும் மஞ்சளுமாக வந்திறங்கிய பெயின்ட் முதல் மழையிலேயே கொப்பளித்து உரிந்துவிட்டது. உப்புக்காற்று தின்ற இரும்புக்கு எண்ணெய் விடுவது யார் வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. அது அழுகிறது என்று எழுதலாம். எழுதமாட்டேன். இரும்பு அழாது. துருப்பிடித்த இரும்பு துருப்பிடித்த இரும்பு மாதிரிதான் சத்தம் போடும். படுத்திருப்பவளுக்குத்தான் அது வேறு என்னென்னவோ மாதிரிக் கேட்கும்.

நாங்கள் கேட்டது பாலம். வந்தது இது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நடத்தியவர்களில் நானும் ஒருத்தி.

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தீவுகளுக்குச் சட்டசபை இல்லை. எம்.எல்.ஏ. என்ற பிராணியை நாங்கள் டி.வி.யில்தான் பார்த்திருக்கிறோம். விமானத்தில் வந்து இறங்கி, இரண்டு மூன்று வருடம் கடல் பார்த்துவிட்டு மாற்றலாகிப் போகிற அதிகாரிகள்தான் எங்களுக்கு எல்லாம். எங்களுக்கென்று வாய்த்த ஒரே சபை கிராம சபை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, கரகரக்கும் மைக். அந்தச் சபையில் ஐந்து வருடம் நான் வார்டு மெம்பர்.

ஆசைப்பட்டு ஆனதில்லை. அந்த முறை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பட்டியல் வந்த மறுநாள் அக்கா முழங்கால் வரை நனைந்த புடவையோடு என் வீட்டு முன்னால் வந்து நின்றாள்.

“இந்தா, நீ நில்லு.”

“நானா? எனக்கு என்னாக்கா தெரியும்?”

“எழுதத் தெரியும்ல. தமிழும் எழுதுற, இந்தியும் எழுதுற. எங்களுக்குப் பேசத்தான் வரும். பேசுனது காத்தோட போயிரும். நீ எழுதுனா தொரைமாரு படிச்சுத்தானே ஆகணும்?”

“படிப்பாங்களா?”

“படிக்காட்டி நான் வந்து படிச்சுக் காட்டுறேன். நில்லுடி.”

கூடப்பிறந்த அக்கா இல்லை. தெற்கே கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துப் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இரண்டு பேருடைய பெற்றோரும் இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து வளர்ந்து, ‘தாயகம் திரும்புவோர்’ என்ற பெயரில் கப்பலேற்றப்பட்டு, அதுவரை கண்ணால் பார்த்திராத தாயகத்தின் ஆகக் கடைசி ஓரத்தில் இறக்கப்பட்டவர்கள். எங்கே போகிறீர்கள் என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரியாது. கேள்விக்குப் பழகாத வாய். சுனாமியில் கட்சாலை விட்டு நாங்கள் வடக்கே வந்து, ரங்கத் டவுனுக்குத் தெற்கே இந்த ஊரில் ஒட்டிக்கொண்டோம். எனக்கு நாலாவுக்கு இந்தப் பக்கம் இடம் கிடைத்தது. அக்காவுக்கு அந்தப் பக்கம்.

கடலிலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிற உப்பு ஓடைதான் நாலா. பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர், நாங்கள், எல்லாருக்கும் அது நாலாதான். இந்தப் பக்கம் ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஞ்சாயத்து. அந்தப் பக்கம் ஒன்பது வீடு. கடக்க இரண்டு மரத்தடிகளைப் பக்கம் பக்கமாகப் போட்டுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் தண்ணீர் ஏறித் தடி முங்கிவிடும். காலால் துழாவிக்கொண்டே போகவேண்டும். கரையில் அரசாங்கம் ஒரு பலகை நட்டிருந்தது: இந்த நீரில் முதலை உண்டு, இறங்க வேண்டாம். நல்ல யோசனை. இறங்காமல் எப்படிப் போவது என்பதை அடுத்த பலகையில் எழுதுவார்கள் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். ஏழு மணிக்கு அடுப்புப் பற்றவேண்டும். கணவர் போய்ப் பல வருடம். ஒரே மகள் கப்பலேறிப் போகவேண்டிய ஹட் பேயில், கட்டிக்கொடுத்த இடத்தில். “மருமகன் நல்ல பிள்ளைதான், ஆனா அவன் வீட்டு வாசல்ல போய் மூட்டைய இறக்குற நாளு மட்டும் எனக்கு வரக்கூடாது” என்பாள். அந்த நாள் வராமல் தடுத்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூடத்து அடுப்பு ஒன்றுதான். அந்த அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் நாலா ஓடியது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேயிலை மலையிலிருந்து கட்சாலுக்கும், கட்சாலிலிருந்து இங்கேயும் பாய் தலையணையோடு கூடவே வந்தது. தோட்டத்தில் காலையில் பெரட்டு. களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்கவேண்டும். நோட்டில் பேர் விழுந்தால் அன்றைய நாள் உனக்கு உண்டு. விழாவிட்டால் நீ மலையையே புரட்டிப் போட்டாலும் இல்லை. பேர் விழுந்த பிறகு துரை என்ன பேசுகிறார் என்பது துரையின் பாடு. மூன்று தலைமுறையாகப் பெரட்டுக் களத்தில் நின்ற ஆட்கள் கிராம சபைக்கு வந்ததும் முதலில் கேட்பது, “நோட்டு எங்க?” கையெழுத்தோ கைநாட்டோ போட்டதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். பேர் கொடுத்தாச்சு. இனிக் கிளம்பலாம்.

இதைத் தெரிந்துதான் பயன்படுத்தினேன். அதற்கு முன்னால் இரண்டு கிராம சபைகள் போதுமான ஆள் வராமல் கலைந்திருந்தன. மூன்றாவதும் கலைந்தால் பாலம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். வீடு வீடாகப் போனேன். ரப்பர் செருப்பு அறுந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, நாளைக்கு வந்துருங்க.”

“நாளைக்குப் பாக்கு காயப் போடணுமே, தங்கச்சி.”

“வந்து ஒரு பேர் போட்டுட்டுப் போங்க. போதும்.”

போதும். அந்த ஒரு சொல்லை எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன்! மக்களைத் திரட்டுகிறேன் என்று நினைத்தேன். மக்களின் கையெழுத்தைத் திரட்டியிருக்கிறேன். இரண்டும் வேறு என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. ஜெயித்த நடையில் வீடு திரும்பினேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் கூட்டம் நிறைந்தது. போர்ட் பிளேரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். இளவயது, தீவுக்கு வந்து இரண்டு மாதம், சட்டைக் காலரில் இன்னும் உப்பு ஏறவில்லை. மைக்கைப் பிடித்து இந்தியில் அழகாகப் பேசினார். இனிமேல் திட்டம் மேலேயிருந்து கீழே வராது, கீழேயிருந்து மேலே போகும். உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம், நீங்கள்தான் சொல்லவேண்டும். இங்கே நீங்கள்தான் மாலிக்.

அவர் பேசப் பேச நோட்டு கை மாறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் சமோசாப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு குனிந்தபடி நழுவினார்கள்.

அக்கா என் தோளில் இடித்தாள். “மாலிக் எல்லாம் பொட்டலத்தத் தூக்கிட்டு வரிசையாப் போறாங்க பாரு. முதலாளின்னா அப்பிடித்தான் இருக்கணும். வேலையாளு நாம ரெண்டு பேரு உக்காந்து கேப்போம்.”

அவள் முறை வந்தபோது பத்துப் பேர்தான் மிச்சம். மைக்கை வாங்கினாள். சமையல் ஆளாக இல்லாமல், பேசுகிற ஆளாக அவளை முதல் தடவையாகப் பார்த்தேன். இந்தியும் தமிழுமாகக் கலந்து சொன்னாள்.

“சாப், பெரிய பாலம் கேக்கல. லாரி போக வேணாம், ஸ்கூட்டர் போக வேணாம். தலையில பாத்திரத்தோட ஒரு ஆளு நடக்குற அகலம் போதும். கைப்பிடி ரெண்டு பக்கமும் வேணாம். ஒரு பக்கம் இருந்தாப் போதும். ஒரு கையிதானே சும்மா இருக்கும்.”

கேட்பதற்கு முன்பே பாதியைக் குறைத்துக்கொண்டு கேட்கும் இந்தப் பழக்கமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான்.

அதிகாரி உண்மையிலேயே நெகிழ்ந்தார். செக்ரெட்டரி பக்கம் திரும்பி, “லிக் லோ, லிக் லோ” என்றார். பஞ்சாயத்து செக்ரெட்டரி பெங்காலிக்காரர், கொசகொசவென்று ஓர் உதிரித் தாளில் குறித்துக்கொண்டார். தீர்மான நோட்டில் பக்கத்தின் மேல்பாதியை வெற்றாக விட்டு, கீழ்ப்பாதியில் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். மேல்பாதியைப் பிறகு நிதானமாக, நல்ல கையெழுத்தில் நிரப்பிக்கொள்வார். எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறோமே என்று ஒருவரும் நினைத்ததில்லை. பெரட்டு நோட்டில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தது?

நாலு நாள் கழித்து, மதியம் மூன்றரை இருக்கும், செக்ரெட்டரி கூப்பிட்டனுப்பினார். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“மேடம், இது பாலத்தை எடுக்க மாட்டேன் என்கிறது.”

“எது?”

“இதுதான்.” கம்ப்யூட்டர் திரையைத் தட்டிக் காட்டினார், சொன்னபேச்சுக் கேட்காத பிள்ளையைக் காட்டுவது போல. “நாலாக் கரை காட்டிலாகா நிலம். அவர்கள் அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் கேட்கிறது. எண் போடாமல் அடுத்த பக்கம் போகாது.”

“கடிதம் வாங்குவோம்.”

“ஒரு வருடம் ஆகும். இது இன்று ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்குள் ஏதாவது ஒரு வேலையை ஏற்றாவிட்டால் இந்த வருடம் நம் வார்டுக்கு எதுவும் இல்லை.”

பிரதான் என்று நாங்கள் சொல்கிற பஞ்சாயத்துத் தலைவருக்கு போன் போட்டோம். அவர் போர்ட் பிளேரில் யாருடைய கல்யாணத்திலோ இருந்தார். பின்னால் டோலக் சத்தம். “நீயே பார்த்துச் செய், பெஹன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“கிராம சபையைத் திரும்பக் கூட்டணுமே” என்றேன்.

செக்ரெட்டரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டு எழுந்து வந்திருப்பேன். “மேடம், கையெழுத்தெல்லாம் இருக்கிறதே” என்றார் மெதுவாக.

திரையில் ஒரு பட்டியல் தொங்கியது. எங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் சொல்லலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதைத்தான் சொல்லலாம். பஸ் நிழற்குடை: ஏற்கெனவே இருக்கிறது. தெருவிளக்கு: போன வருடம் ஆனது. நூலகம்: கட்டடம் வேண்டும். திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம்: மைதானம் பஞ்சாயத்தினுடையது, யாருடைய அனுமதியும் வேண்டாம்.

“இது போகும், மேடம். உடனே போகும்.”

ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று என்று நினைத்தேன். இதை எடுத்தால் நம் வார்டு கணக்கில் இருக்கும், அடுத்த முறை பாலம் கேட்கலாம் என்று நினைத்தேன். இவை நான் பிறரிடம் சொன்ன காரணங்கள். சொல்லாத ஒன்றும் உண்டு. எனக்கு முழங்கால் வலி. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பட்டியலில் விரல் நின்ற கணத்தில், காலையில் மைதானத்தில் நான் பயிற்சி செய்வதாக ஒரு படம் மனசுக்குள் ஓடி மறைந்தது. ஒரு நொடிதான். ஆனால் ஓடியது.

“போடுங்க” என்றேன்.

செக்ரெட்டரி தீர்மான நோட்டை எடுத்து மேல்பாதியை நிரப்பினார். முத்து முத்தான கையெழுத்து. ‘இக்கிராம மக்கள் விரிவாக விவாதித்து ஒருமனதாக’ என்று தொடங்கியது. எனக்குரிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போன் என் பையில் இருந்தது. அக்காவின் நம்பர் போனில் இருந்தது. மணி நாலு கூட ஆகவில்லை. அவள் அப்போதுதான் பாத்திரம் கழுவி முடித்திருப்பாள், நூறடி தூரத்தில்.

அதன் பிறகு வாரா வாரம் கேட்பாள். “பாலம் என்னாச்சு?”

“மேல போயிருக்குக்கா.”

மேலே ஒன்று போயிருந்தது நிஜம்.

மழை ஓய்ந்ததும் லாரி வந்தது. நான் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வேலியைத் தாண்டும்போதே அக்காவின் குரல் கேட்டது, மூச்சிரைக்க.

“ஏய், வந்து பாருடி! கைப்பிடி வந்துருச்சு!”

கையெல்லாம் பருப்பு வாசனை. பாதிக் கழுவிய பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

“நீலமும் மஞ்சளுமா குழாயி. நல்ல கனம். இறக்குறாங்க. நான் ஒரு பக்கம் போதும்னு சொன்னேன், இவங்க ரெண்டு பக்கமும் குடுத்துட்டாங்க போல. அந்த சாப் நல்லா இருக்கணும்டி, சின்ன வயசா இருந்தாலும்.”

முறத்தைக் கீழே வைத்தேன்.

“அக்கா. அது பாலத்துக்கு இல்ல.”

“பின்ன?”

சொன்னேன். மூன்றரை மணி, ஐந்து மணி, காட்டிலாகா, பட்டியல், டோலக் சத்தம். எல்லாம் சொன்னேன். முழங்காலைச் சொல்லவில்லை.  அவள் கேட்டு முடித்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் மெதுவாகத் துடைத்தாள்.

“எக்ஸசைசா?”

“ஆமாக்கா.”

“யாருக்கு? தெனமும் தலையில பாத்திரத்தோட நாலாவத் தாண்டுற எனக்கா?”

முறத்தை மறுபடி கையில் எடுத்தேன்.

“அந்த நோட்டைக் காட்டு.”

பஞ்சாயத்து ஆபீசில் செக்ரெட்டரி நோட்டை விரித்து வைத்தார். மேல்பாதியை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே விரலால் கீழ்ப்பாதியைத் தேடினாள். முதல் கையெழுத்தே அவளுடையதுதான். அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தவள் அவள். எழுத்துக் கூட்டி, தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தாள்.

“நானே ஒத்துக்கிட்டுருக்கேன்” என்றாள்.

என்னிடம் மனு எழுதித் தரச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரைப் பிடித்து எழுதி, ரங்கத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மரியாதையான பதில். இந்த வேலை உங்கள் கிராம சபை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. மக்கள் எடுத்த முடிவில் நிர்வாகம் தலையிட இயலாது.

எங்கள் தாத்தாக்களைக் கேட்காமல் மலையேற்றினார்கள். எங்கள் அப்பாக்களைக் கேட்காமல் கப்பலேற்றினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகு ஓர் அரசாங்கம் எங்கள் பேச்சுக்கு முதல்முறையாகக் கட்டுப்பட்டு நின்றது, அசைக்க முடியாதபடி. அது நாங்கள் பேசாத பேச்சு.

அடுத்த கிராம சபையில் எழுந்து உண்மையைச் சொன்னேன். அது மக்கள் முடிவு இல்லை, நான் ஒருத்தி அரை மணி நேரத்தில் எடுத்த முடிவு என்றேன். அதற்குள் பேர் கொடுத்துவிட்டு முக்கால்வாசிப் பேர் போயிருந்தார்கள். இருந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். செக்ரெட்டரி நோட்டில் எழுதியதைப் பிறகு பார்த்தேன். ‘வார்டு உறுப்பினர் தமது கருத்தைத் தெரிவித்தார்.’ முத்து முத்தாக.

அடுத்த மழையில் மரத்தடி ஒன்று விலகிப் போய்விட்டது. ஒற்றைத் தடியில், இடுப்பளவுத் தண்ணீரில் அக்கா வந்தாள். சில நாள் வர முடியவில்லை. அக்கரையில் நின்றுகொண்டு தண்ணீர் வடியட்டும் என்று காத்திருப்பாள். இக்கரையில் ஹெட் டீச்சர் குடையோடு நின்று கையசைப்பார், இறங்காதே இறங்காதே என்று. மூன்று நாள் பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பெற்றோர் கமிட்டி கூடியது. நானும் அதில் உண்டு. அக்காவுக்காகப் பேசினேன்.

“பாலம் இல்லாதது அவங்க தப்பா?”

“உங்க அக்கா தப்புன்னு யாரு சொன்னா?” என்றாள் ஒரு தாய், மடியில் பிள்ளையோடு. “எம்புள்ள பசியோட வருது. இந்தப் பக்கத்து ஆளாப் போடுங்க. அவ்ளோதான்.”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கை தூக்கினார்கள். இந்த முறை யாரும் பாதியில் போகவில்லை, ஒவ்வொருவரும் உட்கார்ந்து விவாதித்து, உண்மையிலேயே பெரும்பான்மையாக முடிவெடுத்தார்கள். மேலேயிருந்து ஒருவரும் தலையிடவில்லை. இந்த ஊரில் நான் கண்ட ஒரே சுத்தமான தீர்மானம் அதுதான்.

அக்கா ஹட் பேய்க்குக் கிளம்பினாள். மகள் போன் போட்டு அழைத்திருக்கிறாள், மருமகனும் பேசியிருக்கிறான். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் அரிசிச் சாக்கில் கட்டிய பாத்திரங்களுமாக ரோட்டுக்கு வந்தாள். பெட்டியை நாலா தாண்டிக் கொண்டுவர நான் போயிருக்கவேண்டும். போகலாம் என்று நினைப்பதற்குள் அக்கரையிலிருந்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

போர்ட் பிளேர் பஸ் தூரத்தில் தெரிந்தது. அதில் போய், வழியில் காட்டு ரோட்டில் வண்டிகளைச் சேர்த்து விடுகிற கான்வாயைப் பிடித்து, ஜெட்டிக்குப் போய், கப்பல். எனக்கு வாய் நிற்கவில்லை.

“அக்கா, டிக்கெட் எடுத்தாச்சா? கப்பல்ல மேல் படுக்கை வேணாம்னு சொல்லு. அலை இருந்தா உனக்கு ஒத்துக்காது.”

“கட்சால்லேருந்து நான் எத்தன கப்பல் ஏறியிருக்கேன்.”

“அடுத்த திட்டத்துல எப்படியாவது பாலத்த எழுத வச்சிர்றேன். மெம்பரா இல்லாட்டியும் பரவாயில்ல. காட்டிலாகாவுக்கு நானே நடக்குறேன். அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்டயும் போய்ப் பேசுறேன்.”

“எப்பப் போற?”

“வர்ற ஞாயித்துக்கெழம.”

அவள் வானத்தைப் பார்க்கவில்லை, விரல்விட்டு எண்ணவும் இல்லை.

“ஞாயித்துக்கெழம தண்ணி வத்திருக்கும்” என்றாள்.

பஸ் நின்றது. கண்டக்டர் பெட்டியை வாங்கி மேலே போட்டுவிட்டு, “சலோ மௌசி, சலோ, கான்வாய் போயிரும்” என்று தகரத்தைத் தட்டினான். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் விரல்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னும் எட்டு வீடு இருக்கு அந்தப் பக்கம். தண்ணி ஏறி நிக்கிறப்பப் போய்க் கேளு.”